புளூட்டோ தெருவுக்குத் தண்ணீர் முறை

சூரிய மண்டலத்தைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் ஒரு கோளரங்கத்தில் எனக்கு அதுதான் பிழைப்பு. பள்ளிப் பிள்ளைகளை இருட்டில் சாய்ந்து உட்காரச் சொல்லி, தலைக்கு மேலே கோள்களைச் சுழலவிட்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் நாலு வார்த்தை பேசுவேன். விளக்கைப் போட்டதும் ஒரு கை உயரும். எந்தப் பள்ளி வந்தாலும் அந்தக் கையை உயர்த்துவதற்கென்றே ஒரு பிள்ளையைக் கூட்டி வருவார்கள் போல. "அக்கா, புளூட்டோவை ஏன் எடுத்துட்டாங்க? பாவம் இல்லையா?" பாவம்தான். புளூட்டோ இல்லை, தினமும் இதற்குப் பதில் சொல்லும் நான்.

இந்தக் கேள்வியிலிருந்து தப்ப விடுமுறை எடுக்கலாம் என்றிருந்தபோது, அதே கேள்வி திருச்சியிலிருந்து போனில் வந்தது. பேசியது வசந்தா சித்தி, அம்மாவின் தங்கை. அம்மா கல்யாணமாகி மலேசியா வந்துவிட்டாள். சித்தி திருச்சியைவிட்டு நகரவில்லை.

"ஏண்டி மாலினி, நீ கிரகம் காட்டற எடத்துலதானே வேலை பாக்கறே?"

"ஆமா சித்தி."

"அப்ப ஒரு எட்டு வந்துட்டுப் போ. ஞாயித்துக்கெழமை எங்க நகர்ல மீட்டிங். புளூட்டோவும் கிரகம்தான்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லேன்னா எங்க தெருவுக்குத் தண்ணிய அடியோட நிறுத்திடுவாங்க."

நான் சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. அம்மா என் பையைப் பரணிலிருந்து எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

விமானத்தில் என் பின் இருக்கையில் ஒரு மலாய்க்கார அம்மா, சுற்றுலா போகும் தன் மகளுக்கு மலாயில் புத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். "அங்கே எதை வேண்டுமானாலும் சாப்பிடு, தண்ணீரை மட்டும் வாயில் வைக்காதே." நான் அந்தத் தண்ணீரை வாங்கித்தரத்தான் போகிறேன் என்று திரும்பிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கதை கேட்பாள். கதை எனக்கே அப்போது சரியாகப் புரியவில்லை.

திருச்சியில் இறங்கியதும் ஆட்டோ ஓட்டுநர்தான் முதலில் புரியவைத்தார்.

"கதிரவன் நகரா? எடமலைப்பட்டி புதூர் தாண்டி இருக்கே, அதானே? எந்தத் தெரு?"

"புளூட்டோ தெரு."

"அது வாய்க்காலுக்கு அந்தாண்டைல்ல? அது நகர்ல சேராதுங்களே."

சர்வதேச வானியலாளர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு, மீட்டர் போடாத ஓர் ஆட்டோ வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. நான் பதில் சொல்வதற்குள் ஆட்டோ இருமி நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம். எங்கள் ஊரில் இப்படி நடந்தால் செயலியில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டு வேறு வண்டிக்குப் போய்விடலாம். இங்கே, "எறங்கி ஒரு கை குடும்மா" என்றார். இருவருமாக ஆட்டோவை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தோம். தொட்டியின் மூலையில் ஒட்டியிருந்த பெட்ரோல் குழாய்க்கு வந்தது. பங்க் வரை ஓடியது. சாய்த்தால் ஓடும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. பெட்ரோல் போட்டுக்கொண்டு வரலாம் என்பது மட்டும் தெரியவில்லை.

கதிரவன் நகரை வயல்களுக்கு நடுவே மனைகளாகப் போட்டவர் விண்வெளிப் பைத்தியமாக இருந்திருக்க வேண்டும். நடுவில் சூரியன் சாலை. அதைக் குறுக்கே வெட்டும் தெருக்களுக்கு வரிசையாகப் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று பெயர் வைத்தார். எட்டோடு நிலம் முடிந்தது. ஆசை முடியவில்லை. வாய்க்காலுக்கு அப்பால் கொஞ்சம் நிலம் வாங்கி, மற்ற தெருக்களோடு ஒட்டாமல் கோணலாக ஒரு தெரு போட்டு, புளூட்டோ என்றார். உண்மையான புளூட்டோவும் அப்படித்தான், மற்ற கோள்களின் பாதைக்குச் சாய்வாகச் சுற்றுகிறது. மனிதர் தெரிந்து செய்தாரா, நிலம் அப்படித்தான் கிடைத்ததா என்று கேட்க அவர் இப்போது இல்லை.

மாநகராட்சிக் குடிநீர் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு மேல்நிலைத் தொட்டி. தெருவுக்குத் தெரு முறை வைத்துத் திறந்துவிடுவார்கள். இந்த ஆண்டு கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒன்பது தெருவுக்கும் போதாது. யாரைக் கழிப்பது என்று யோசித்த சங்கத் தலைவர் சந்தானத்துக்கு வானத்திலிருந்து யோசனை வந்தது. நகரே சூரிய மண்டலத்தை வைத்துப் போட்டது. சூரிய மண்டலத்திலேயே புளூட்டோவை எடுத்துவிட்டார்கள். ஆகவே புளூட்டோ தெரு நகரில் சேராது. ஆகவே முறை கிடையாது. அந்தத் தெருவுக்குத் திறந்துவிடுவதை ஏற்கெனவே நிறுத்திவிட்டார், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவும் நிறைவேற்றப் போகிறார்.

நான் கற்ற வானியலை இவ்வளவு நேர்த்தியாக யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

அன்று மாலை, சித்தப்பா குடத்தோடு வெளியே போயிருந்தபோது, பக்கத்து வீட்டு ஜமால் பாய் வந்தார். வளைகுடாவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு வந்து, சேர்த்ததையெல்லாம் இந்தத் தெருவில் வீடாகக் கட்டியவர். "அங்க பாலைவனம்மா. கொழாயத் தொறந்தா தண்ணி கொட்டும். இங்க காவேரி ஓடற ஊர்ல, பாத்ரூம்ல நான் வாளிய வெச்சுக்கிட்டு அல்லா அல்லான்னு நிக்கறேன். நீ வந்து நாலு வார்த்தை சொன்னா சரியாயிடும், இன்ஷா அல்லாஹ்."

சித்தி பரோட்டாவைப் பிய்த்து என் இலையில் போட்டு, அதன்மேல் சால்னாவைக் கவிழ்த்தாள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் இதன் முன்னால் நிற்காது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். ஆனால் சொல்லியாக வேண்டும்.

"சித்தி, புளூட்டோ கிரகம் இல்லை."

"என்னது?"

"நான் அப்படிச் சொல்ல முடியாது. சூரியனைச் சுத்தணும், உருண்டையா இருக்கணும், தன் பாதையில குறுக்கே எதுவும் இல்லாம ஒதுக்கியிருக்கணும். மூணாவது புளூட்டோகிட்ட இல்லை. அதனால குறுங்கோள்னு வெச்சிட்டாங்க."

சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க தெருவுலயும் குறுக்க மாடு நிக்குது. அதுக்காக இது தெரு இல்லேன்னு ஆயிடுமா?"

மறுநாள் காலை நான் சூரிய மண்டலத்தைக் காலால் அளந்தேன். விண்கலங்கள் ஆண்டுக்கணக்கில் பறந்து கடந்ததை நான் ஒரு டம்ளர் காபி செரிப்பதற்குள் நடந்து முடித்தேன். சித்தி கூட வந்து ஒவ்வொரு தெருவின் பெருமையையும் சொன்னாள். புதன் தெருவில் எல்லாரும் படித்தவர்கள். வெள்ளி தெருவில் எல்லாரும் கார் வைத்திருக்கிறார்கள். பூமி தெருவில்தான் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதனால் அவர்களுக்கு எப்போதும் ஈரம்.

செவ்வாய் தெருவில் பெயர்ப்பலகையைக் காணோம். கம்பம் மட்டும் நின்றது.

"ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டாங்க" என்றாள் சித்தி. "பொண்ணு பாக்க வரவங்க தெருவுக்குள்ள நுழையும்போதே செவ்வாயான்னு கேட்டா எப்படி இருக்கும்? கல்யாணப் பத்திரிகையில எல்லாரும் நாலாவது குறுக்குத் தெருன்னுதான் போடறாங்க. தலைவர் வீடு இங்கதான். அவர் பொண்ணுக்கு வரன் வந்துக்கிட்டே இருக்கு, ஒண்ணும் அமையல."

"ஜாதகத்துல செவ்வாய் இருக்கா?"

"ஜாதகம் சுத்தமாத்தான் இருக்காம். அட்ரஸ்ல இருக்கு."

சனி தெரு அதைவிட மோசம். வரிசையாக 'வாடகைக்கு' அட்டைகள் தொங்கின. வளையங்களோடு சூரிய மண்டலத்திலேயே அழகாக இருப்பது சனிதான் என்று நான் சொல்லிப்பார்த்தேன். நிலவுகளை எண்ணி முடிப்பதற்குள் புதிதாகக் கண்டுபிடித்துக் கூட்டிவிடுகிறார்கள் என்றேன். "அதோட குடும்பம் பெருசா இருந்தா நமக்கென்ன?" என்று சித்தி வேகமாக நடந்தாள். அந்தத் தெருவில் நிற்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

நகரின் நுழைவில் சங்கம் புதிய வளைவு கட்டிக்கொண்டிருந்தது. அரியமங்கலத்துப் பட்டறை ஒன்றிலிருந்து வந்திறங்கிய ஃபைபர் உருண்டைகள் வைக்கோலில் கிடந்தன. எட்டு. பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர்தான் சந்தானம். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கையெழுத்து சரியில்லை என்று காசோலையைத் திருப்பிக்கொடுப்பவரின் முகம்.

"மலேசியாலேர்ந்து சாட்சி வந்தாச்சு போலருக்கே" என்றார்.

நான் உருண்டைகளைப் பார்த்தேன். நெப்டியூனுக்கு மை போன்ற கருநீலம் அடித்திருந்தார்கள்.

"சார், நெப்டியூன் இந்த நிறம் இல்லை. பழைய படத்துல விவரம் தெரியறதுக்காக நீலத்தைக் கூட்டி வெச்சிருந்தாங்க. திரும்பச் சரிபண்ணிப் பாத்தா, யுரேனஸ் மாதிரியே வெளிர் நீலம்தான்."

"ஏம்மா, பெயிண்ட் காயறதுக்குள்ள மாத்திக்கிட்டே இருந்தா நாங்க வளைவை எப்பத்தான் தொறக்கறது?" என்றார் சந்தானம். "உங்க ஆளுங்களுக்கு ஒரு முடிவுக்கு வரவே தெரியாதா?"

நியாயமாக, கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் கோளரங்கத்தில் நெப்டியூனின் படத்தை இன்னும் மாற்றவில்லை. மாற்றச் செலவாகும் என்று மேலதிகாரி தள்ளிவைத்திருக்கிறார். ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

என்னை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும் சித்தி வேறு வழி பார்த்தாள். "விஞ்ஞானம் கைவிட்டா சாஸ்திரமாவது சொல்லட்டும்." மூன்றாம் நாள் ஸ்ரீரங்கம். சித்திரை வீதியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவரிடம், புளூட்டோவும் கிரகம்தான் என்று ஒரு வாக்கு வாங்கிவிட்டால் சங்கத்தில் பாதிப் பேரின் வாயை அடைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம். காவிரிப் பாலத்தின் நடுவில் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. கீழே மணலும் நடுவே ஓடும் தண்ணீரும். சித்தி ஜன்னல் வழியாக அந்தத் தண்ணீரையே பார்த்தாள். முன் இருக்கையில் பூக்கூடையோடு இருந்த அம்மா, "நகர்ந்தாத்தான் பஸ்ஸு, நின்னா வீடு" என்று சொல்லிவிட்டு, அங்கேயே பூ கட்ட ஆரம்பித்தாள். கண்டக்டர் அவளிடம் ஒரு முழம் வாங்கி டிரைவருக்கு முன்னால் இருந்த சாமி படத்துக்குப் போட்டார். எங்கள் ஊரில் ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். மன்னிப்பைவிட மல்லிகை பரவாயில்லை.

பஞ்சாங்கக்காரர் நாமம் போட்டு, பளிச்சென்று இருந்தார். மடியில் லாப்டாப். "வரணும், வரணும்" என்று உட்காரச் சொல்லி, உள்ளேயிருந்து காபி வரவழைத்தார். நுரைக்கு மேல் நுரை. சித்தி விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகத் தலையை ஆட்டினார்.

"நவக்ரஹம்னா ஒம்பதுதான். சூரியன், சந்திரன், அங்காரகன், புதன், குரு, சுக்ரன், சனி, ராகு, கேது. புளூட்டோவுக்கு ஸ்தானம் காலி இல்லை. அதுக்கு பலனும் இல்லை, தோஷமும் இல்லை. அடியேன் என்ன பண்ண முடியும்?"

எனக்குத் தாங்கவில்லை. "சுவாமி, ராகுவும் கேதுவும் வெறும் புள்ளிங்க. நிலவோட பாதை சூரியனோட பாதையை வெட்டற இடம். அங்க கல்லு மண்ணு எதுவும் கிடையாது. புளூட்டோவுல மலை இருக்கு. நைட்ரஜன் உறைஞ்சு சமவெளியா கிடக்கு. இருக்கறதுக்கு எடமில்ல, இல்லாததுக்கு ரெண்டு எடமா?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கொழந்தே, இருக்கறதுல எங்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி. பழைய வாக்கியக் கணக்குல சனிப்பெயர்ச்சி ஒரு நாள். வானத்தைப் பாத்துத் திருத்தின திருக்கணிதத்துல இன்னொரு நாள். ஜனங்க ரெண்டு நாளும் வெளக்கேத்திடறா. பகவானுக்கென்ன நஷ்டம்?"

"நீங்க எந்தக் கட்சி?"

"கேக்கறவா எந்தக் கட்சியோ, அந்தக் கட்சி" என்றவர் லாப்டாப்பைத் தட்டினார். "இதுக்குள்ள ஓடறது அமெரிக்காக்காரன் கணக்கு. அவன் சனியைப் பிசகாம சொல்லிடறான். எள்ளா நல்லெண்ணெயான்னு சொல்றதுதான் அடியேன் கைங்கர்யம்."

வெளியே வந்தோம். கோயில் மடப்பள்ளிப் பிரசாதக் கடையில் புளியோதரை வாங்கித் தொன்னையில் வைத்துச் சாப்பிட்டோம். அதன் எண்ணெயும் மிளகும் என் ஏமாற்றத்தைப் பாதி ஆற்றின. சித்திக்கு ஆறவில்லை. சாப்பிட்டதும் கை கழுவக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு முறை கழுவினாள்.

நாளைக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தொட்டிக்குக் கீழே தகரக் கொட்டகையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், தெருவுக்கு ஒரு வரிசை. புளூட்டோ தெருக்காரர்களுக்கு நாற்காலி இல்லை. ஓரமாக நின்றார்கள். சமோசாவும் டீயும் முதலில் வந்தன. எந்த முடிவும் சமோசா வருவதற்கு முன் எடுக்கப்படுவதில்லை என்று இந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு இருக்கலாம்.

சந்தானம் மைக்கைப் பிடித்தார். "தங்கச்சி மலேசியாலேர்ந்து வந்திருக்காங்க. வானத்தைப் பத்திப் படிச்சவங்க. அவங்களே சொல்லட்டும். ஒரே வார்த்தைல சொல்லும்மா. புளூட்டோ கிரகமா, இல்லையா?"

நான் மைக்கை வாங்கினேன். சித்தியைப் பார்க்கவில்லை. ஜமால் பாயைப் பார்த்தேன். அவர் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றேன்.

கொட்டகை முழுக்கக் கைதட்டியது. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். தலை குனிந்து நின்றேன்.

"ஆனா சார்," என்று மறுபடி ஆரம்பித்தேன், "அந்த வரிசையை நம்பித் தண்ணியை நிறுத்தாதீங்க. அது மாறிக்கிட்டே இருக்கும். யுரேனஸை முதல்ல பாத்தவர் வால்நட்சத்திரம்னு நெனச்சார். சீரிஸ்னு ஒண்ணு செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கு. அதையும் ரொம்ப காலம் கிரகம்னு பள்ளிப் புத்தகத்துல போட்டு, அப்புறம் எடுத்தாங்க. வல்கன்னு ஒரு கிரகத்துக்குப் பேரே வெச்சு, புதனுக்கும் உள்ளே இருக்குன்னு வருஷக்கணக்கா தேடினாங்க. கடைசியில அப்படி ஒண்ணு இல்லவே இல்லை. புளூட்டோவை முதல்ல பூமி அளவு இருக்கும்னாங்க, இப்ப நம்ம நிலாவைவிடச் சின்னது. நெப்டியூனைத் தாண்டி இன்னும் பெருசா ஒண்ணு இருக்கலாம்னு இப்ப தேடறாங்க. இதெல்லாம் கூடி உக்காந்து கை தூக்கி முடிவு பண்றதுதான், உங்க மீட்டிங் மாதிரியே. புளூட்டோவுல மலை மலையா தண்ணி உறைஞ்சு கெடக்கு. அதை யாரும் கேக்க மாட்டேங்கறாங்க."

"ஆக, வரிசை மாறும்னு சொல்றே" என்றார் சந்தானம்.

"ஆமாம்."

"நல்லது. மாறினப்பறம் வாங்க. தண்ணி தரோம். தீர்மானத்தை ஆதரிக்கறவங்க கை தூக்கலாம்."

சிரிப்பு எழுந்தது. கைகள் உயரத் தொடங்கின. என்னுடைய உண்மை சித்தியின் வீட்டுக் குழாயை அடைத்துவிட்டது. கையிலிருந்த சமோசாவை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

அப்போது ஆறாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். கணக்கு டீச்சராக இருக்கும் கோமதி, சனி தெரு. கல்யாண வயதில் இரண்டு மகன்கள்.

"தலைவரே, ஒரு சந்தேகம். புளூட்டோ கிரகம் இல்லேன்னு இப்ப முடிவாயிடுச்சா?"

"ஆயிடுச்சு டீச்சர்."

"அப்ப அதுக்குத் தோஷம் கிடையாதே?"

"கிரகமே இல்லேங்கறப்ப தோஷம் எங்கேர்ந்து வரும்?"

"அப்ப அந்தப் பேரை எங்க தெருவுக்குக் குடுங்க."

உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. பிறகு நாலாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சந்தானத்தின் மனைவி சாந்தா.

"அதெப்படி? கேக்கறதுன்னா நாங்கதான் மொதல்ல கேக்கணும். ஏங்க, வீட்ல ஒரு பொண்ண வெச்சுக்கிட்டு என்ன மைக்கப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? புளூட்டோவை நம்ம தெருவுக்கு எழுதுங்க."

"சாந்தா, மீட்டிங் நடக்குது."

"மீட்டிங் நாளைக்கும் நடத்தலாம். பொண்ணுக்கு வயசு நிக்குமா?"

செவ்வாய் வரிசை முழுக்க எழுந்துவிட்டது. சனி வரிசை நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தது. யாருக்கும் வேண்டாம் என்று ஐந்து நிமிடம் முன்பு தள்ளிய பெயருக்கு இரண்டு தெரு சண்டை போட்டது. கிரகம் என்பதால் ஒரு காலத்தில் அதற்கு மதிப்பு. கிரகம் இல்லை என்பதால் இப்போது மதிப்பு. இதைச் சொல்லி அழ எனக்கு ஒரு வானியலாளர்கூட அங்கே கிடைக்கவில்லை.

சித்தி அதுவரை ஓரமாக நின்றவள், கையைக் கட்டிக்கொண்டு நடுவே வந்தாள்.

"பேரு எங்களுது. நாங்க விட்டாத்தானே நீங்க எடுக்க?"

"அது விஞ்ஞானப் பேரும்மா. யாருக்கும் சொந்தம் இல்லை" என்றார் சந்தானம்.

"ரேஷன் கார்டுலேர்ந்து கரண்ட் பில் வரைக்கும் எங்க வீட்டுக்குத்தான் புளூட்டோன்னு இருக்கு. நாங்க மாத்த ஒத்துக்கலேன்னா ஒரே பேர்ல ரெண்டு தெரு. உங்க பொண்ணப் பாக்க வரவங்க நேரா எங்க வீட்டுக்கு வந்து பஜ்ஜி சாப்ட்டுட்டுப் போவாங்க. பரவால்லியா?"

சந்தானம் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் எந்த வங்கியும் மூடியிருக்கும்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"மத்த தெருவுக்கு எப்படியோ, அதே மாதிரி முறை. அவ்வளவுதான். பேரை எடுத்துக்குங்க."

"எழுதி, படிச்சும் காட்டுங்க தலைவரே" என்றார் ஜமால் பாய் பின்னாலிருந்து.

"அப்ப உங்க தெருவுக்கு என்ன பேரு?"

"உங்களுதைக் குடுங்க" என்றாள் சித்தி. "செவ்வாய். அது காலியாத்தானே போகுது."

சாந்தா மூக்கில் விரல் வைத்தாள். "பொம்பளப் புள்ளைங்க இருக்கற தெருவாச்சேம்மா."

"எங்களுக்கு செவ்வாயும் ஒண்ணுதான், புதனும் ஒண்ணுதான்" என்றார் ஜமால் பாய். "எதிர்வீட்டு ஜோசப் சாருக்கும் அப்படித்தான். வசந்தா அக்கா பையனுக்குக் கல்யாணம் முடிஞ்சிடுச்சு. வேற யாருக்குப் பயப்படணும்?"

சந்தானம் எழுதினார். படித்தும் காட்டினார்.

கோமதி டீச்சர் மட்டும் உட்காரவில்லை. "எங்களை அம்போன்னு விட்டுட்டீங்களே" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இப்ப சொன்னியே, தேடித் தேடி இல்லேன்னு போச்சுன்னு, அது பேரு என்ன?"

"வல்கன். ஆனா டீச்சர், அது கிடையவே கிடையாது."

"அதைத்தான் கேக்கறேன். இல்லவே இல்லாதது யாரைப் புடிக்கும்? எங்க தெருவுக்கு அதைப் போட்டுடுங்க."

"சீரிஸ்கூட இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். அது நிஜமாகவே இருக்கிறது. அதனால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன். கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. புதன், வெள்ளி, பூமி, புளூட்டோ, வியாழன், வல்கன், யுரேனஸ், நெப்டியூன், வாய்க்காலுக்கு அப்பால் செவ்வாய். தீர்மானம் நிறைவேறியது. சனி என்ற கோளையே ஒரே கூட்டத்தில் ஒழித்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு இந்தத் துணிச்சல் எப்போது வரும்?

கூட்டம் கலைந்தபோது சந்தானம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல ஸ்பீச்சும்மா. ரொம்ப உபயோகமா இருந்தது." எந்தப் பகுதி என்று கேட்க மனம் வரவில்லை.

நான் கிளம்ப வேண்டிய காலையில் சித்தி என்னை உலுக்கி எழுப்பினாள். கொல்லைக் குழாய் பாம்பு மாதிரி சீறியது, இரண்டு முறை இருமியது, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. தெரு முழுக்க வாளி சத்தம். ஜமால் பாய் மாடியிலிருந்து, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று பிறை கண்டவர் மாதிரி கத்தினார். சித்தி முதல் இரண்டு குடத்தைச் செடிக்கு ஊற்றினாள். மூன்றாவது தெளிந்தது.

நான் ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். துப்பினேன்.

"சித்தி, உப்புக் கரிக்குது!"

"எப்பவுமே உப்புதான்."

"இந்தத் தண்ணிக்கா இவ்வளவு சண்டை? இதுக்கா நான் அங்கேர்ந்து வந்தேன்?"

"குடிக்கறதுக்கு கேன் வாங்கறோம். குளிக்க வேணாமா, தோய்க்க வேணாமா, பாத்திரம் தேய்க்க வேணாமா? உன் சித்தப்பா மூட்டுவலியோட நெப்டியூன் தெரு அடிபம்புலேர்ந்து கொடம் கொடமா தூக்கிட்டு வராரு." சித்தி நிரம்பிய குடத்தை இழுத்து ஓரமாக வைத்தாள். "கிரகம் காட்டினது போதும். அந்தக் காலிக் குடத்தை இப்படி நகத்து, தண்ணி போயிடப் போகுது."

நகர்த்தினேன்.